வீட்டு நம்பரையுமா நெட்ல போடணும்?

இந்த வடக்கத்தி ஊருக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ரெண்டு பிளாக் தள்ளி ஒரு அக்கா இருக்காங்க, தென்காசிப் பக்கம். போன மாசம் பால் வாங்கப் போனவங்க கழுத்துச் செயினை பைக்ல வந்த ரெண்டு பேர் அறுத்துட்டுப் போயிட்டானுங்க. "புகார் கொடுங்கக்கா"ன்னு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனவன் நான்தான். அதனால இந்தப் பதிவுல கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்குங்க.

பத்தே நாள்ல அவங்களுக்கு ஒரு போன். எப்.ஐ.ஆர் நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் சரியாச் சொல்லி, "செயின் கிடைச்சிருச்சு, செலவுக்கு ஐயாயிரம் அனுப்புங்க"ன்னு ஒருத்தன். நல்லவேளை, அனுப்புறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாங்க. தேடிப் பார்த்தா எப்.ஐ.ஆர் காப்பி முழுசா நெட்ல கிடக்கு. விலாசம், மொபைல் நம்பர், போதாததுக்கு 'நான் தனியாக வசித்து வருகிறேன்'ங்கிற வரியும்!

எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு 2016-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது. தன் மேல என்ன கேஸ்னு குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரியணும், நியாயம்தான். அதுக்கு அக்காவோட வீட்டு நம்பர் ஊருக்கே எதுக்கு? பாலியல் குற்றம் மாதிரி வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்புலயே விலக்கு இருக்கு. அதையாவது ஒழுங்கா காப்பாத்துறாங்களா? 2019-ல பொள்ளாச்சி வழக்குல அரசாணையிலயே பாதிக்கப்பட்ட பெண்ணோட பேர் வந்துச்சு. 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரோட எப்.ஐ.ஆர் வெளியே கசிஞ்சுச்சு. 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். காரணம் கேட்டா, 'தொழில்நுட்பக் கோளாறு'. நாங்க சர்வர் டவுன்னு சொன்னா மட்டும் கஸ்டமர் என்னா பேச்சு பேசுறாங்க!

செயின் பறிப்பு, வீடு புகுந்து திருட்டு, கந்துவட்டிக்காரன் மிரட்டல் இதுக்கெல்லாம் பொதுவா அந்த விலக்கும் கிடையாது. திருடு போன வீட்டுக்கு அரசாங்கமே வழி சொல்ற கதை. எங்க கவுண்டர்ல ஒரு கஸ்டமர் விலாசத்தை வேற ஆளுக்குச் சொன்னா என் வேலைக்கே வேட்டு. ஆதார் நகல்லகூட முதல் எட்டு எண்ணை மறைச்சுக் கடைசி நாலு மட்டும் காட்டுற வசதி இருக்கு. அதே மாதிரி வெப்சைட்ல போடுற காப்பியில விலாசத்தையும் மொபைலையும் கறுப்படிச்சுட்டு, முழு காப்பியைக் கோர்ட்டுக்கும் வழக்குல சம்பந்தப்பட்டவங்களுக்கும் கொடுத்தா யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தக் காப்பியை எடுக்கச் சொல்லி மூணு தடவை மனு கொடுத்தாச்சு. நேத்து நாலாவது மனுவுக்குக் கையெழுத்து கேட்டப்ப அக்கா, "வேண்டாம் தம்பி, அதுலயும் விலாசம் எழுதணும்லா"ன்னுட்டாங்க.