போல்கே போலா

ஹைதராபாத்தின் இரானி தேநீர்க் கடை ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 'போல்கே' என்ற சொல் எப்படியும் காதில் விழுந்துவிடும். "நை ஆதூம் போல்கே போலா." வரமாட்டேன் என்று சொன்னான். டில்லியிலிருந்தும் லக்னோவிலிருந்தும் மாற்றலாகி வருபவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் பேச்சில் 'உஸ்னே கஹா கி' என்று ஆரம்பிக்க வேண்டும். பாரசீகத்திலிருந்து வந்த 'கி' முன்னால் நிற்கும். சொன்ன விஷயம் பின்னால் வரும். ஹைதராபாத் தக்கினியில் விஷயம் முதலில், 'போல்கே' அதன் வாலில்.

தமிழருக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. 'போல்கே' என்றால் 'சொல்லி'. தெலுங்கின் 'அனி', 'அனு' என்ற வினையிலிருந்து பிறந்தது. அதற்கும் அதே பொருள்தான். நம் 'என்று' கூட 'என்' என்ற வினையின் எச்சமே. பல நூற்றாண்டுகள் தெலுங்குடன் ஒரே தெருவில் குடியிருந்த உருது, அண்டை வீட்டிலிருந்து சொற்களை மட்டும் கடன் வாங்கவில்லை, வாக்கியம் கட்டும் முறையையே எடுத்துக்கொண்டது.

இந்தக் கூட்டுக்குள் சேராதது ஆங்கிலம். அதைக் கற்பிக்கும் நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 1972இல் அயல்மொழிகளையும் சேர்த்துக்கொண்டு, 2007இல் மத்திய பல்கலைக்கழகமாகிவிட்டது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆங்கில ஆசிரியர்கள் இங்கே பயிற்சிக்கு வந்து போயிருக்கிறார்கள். ஊர் திரும்பிய பின் அவர்களையும் பிள்ளைகளையும் ஒருசேர வாட்டிய பாடம், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது.

'ஐ வில் நாட் கம்' என்று ஒருவன் சொல்கிறான். அதையே இன்னொருவர் எடுத்துச் சொன்னால் 'ஹி செட் தட் ஹி வுட் நாட் கம்'. மூன்று உறுப்புகள் ஒரே நேரத்தில் அசைகின்றன. 'தட்' என்ற இணைப்புச் சொல் நுழைகிறது, 'ஐ' என்பது 'ஹி' ஆகிறது, 'வில்' என்பது 'வுட்' ஆகிறது. 'தட்' வராவிட்டாலும் பரவாயில்லை. பிரதிப்பெயரை மாற்றாமல் விட்டால் வராதவர் வேறு ஆளாகிவிடுவார். எடுத்துச் சொல்கிறவர் நிற்கும் இடத்திலிருந்தே ஆங்கிலம் எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆளும் காலமும் அவர் பக்கம் திரும்பியாக வேண்டும்.

தமிழ் அப்படி இழுப்பதில்லை. 'வரமாட்டேன் என்றான்.' சொன்னவன் வாய்ச்சொல் அவன் வாயிலேயே இருக்கிறது. பிரதிப்பெயரே தேவைப்படவில்லை, 'ஏன்' என்ற விகுதி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கில வினைக்கு இந்த வசதி இல்லை. பக்கத்தில் ஓர் 'ஐ', ஒரு 'ஹி' நின்றால்தான் அது நடக்கும். மழை பெய்தால்கூட 'இட்' வேண்டும்.

பிரச்னை, இரண்டு ஆண்கள் ஒரே வாக்கியத்தில் இருக்கும்போது தொடங்குகிறது. என் செய்திமேசை நாட்களில் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துச் செய்தி ஆங்கிலத்தில் வந்தது. சங்கத் தலைவர் நிர்வாக அதிகாரியிடம், வேலைநிறுத்தம் வந்தால் 'ஹி வுட் பி ரெஸ்பான்ஸிபிள்' என்று கூறினாராம். இரவு பதினொன்றரை மணி. 'வேலைநிறுத்தம் நேர்ந்தால் தாமே பொறுப்பு என்று சங்கத் தலைவர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். 'ஒப்புக்கொண்டார்' மூலத்தில் இல்லை. ஓட்டம் நன்றாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது. மறுநாள் கூட்டத்துக்குப் போன நிருபர் தொலைபேசியில் வந்தார். "சார், அவர் தெலுங்கில் 'மீதே பாத்யத' என்றார்." பொறுப்பு உங்களுடையது! மிரட்டியவரை நான் மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி ஆக்கியிருந்தேன். நான்கு வரியில் திருத்தம் வந்தது. அந்த நான்கு வரியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

தெலுங்கில் முன்னிலை இருந்தது. ஆங்கிலத்தில் அது கரைந்து 'ஹி' ஆனது. தமிழில் நான் அதைத் தவறான ஆளின் தலையில் கட்டினேன். ஆங்கிலப் பத்திரிகைகள் சில இடங்களில் 'ஹி'க்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஆளின் பெயரைச் செருகுவது இதனால்தான். நமக்கு அந்த அடைப்புக்குறி தேவையில்லை, 'தான்', 'தாம்' இருக்கின்றன. 'தாம் விலகப்போவதாகச் சொன்னார்' என்றால் விலகுகிறவர் சொன்னவரே. தெலுங்கின் 'தானு'வும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் கருவி கூர்மையாக இருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஆங்கிலம் மங்கலாக விட்டதைத் தமிழ் தெளிவாக்கிவிடும். அந்தத் தெளிவு பொய்யாகவும் இருக்கலாம். அதற்குப் பயந்து இப்போது எல்லா இடத்திலும் 'அவர்' போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். நிருபருக்கு ஒரு போன் செய்வது இதைவிட மேல்.

செய்தித்தாளில் திருத்தம் போடலாம். நீதிமன்றத்தில்? சாட்சி தன் மொழியில் பேச, நீதிபதி அதை ஆங்கிலத்தில் சொல்லித் தட்டச்சு செய்விப்பது நம் கீழ்நீதிமன்றங்கள் பலவற்றின் வழக்கம். செஷன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சியம் பொதுவாகத் தொடர்ச்சியான விவரிப்பாகவே பதிவாக வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம். 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கேள்விகள் மறைந்து, பதில்கள் மட்டும் கோர்க்கப்படுகின்றன. கோர்க்கும் நூல் சாட்சியுடையதல்ல. தெலுங்கில் 'வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள், அது வந்தது இரண்டும்தான். பெண் வந்தாலும் கார் வந்தாலும் வினை ஒன்றே. எழுவாய் சொல்லாமல் சாட்சி 'வச்சிந்தி' என்றால், ஆங்கிலப் பதிவு 'ஷி'யா 'இட்'டா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டில் படிக்கப்படுவது அந்த ஆங்கிலம்தான்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு இதையெல்லாம் சேர்த்துக் காட்டியது. 1952 நவம்பரில் லண்டனை அடுத்த கிராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் சிட்னி மைல்ஸ் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் கிறிஸ்டோபர் கிரெய்க், வயது 16; சட்டப்படி தூக்கிலிட முடியாது. உடனிருந்த டெரெக் பென்ட்லிக்கு வயது 19, மனவளர்ச்சி குன்றியவன். அவன் 1953 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டான்.

காவல்துறை ஒரு வாக்குமூலத்தைக் காட்டியது. கேள்வியே கேட்கவில்லை, அவனாகச் சொன்னதை அப்படியே எழுதினோம் என்றது. பல ஆண்டுகளுக்குப் பின் பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் அதைப் படித்தார். 582 சொற்களில் 'தென்' பத்து முறை வந்தது. சாதாரண மனிதர் சொல்லும் வாக்குமூலத்துக்கு இது மிக அதிகம். வரிசையும் உறுத்தியது. மக்கள் பேச்சில் 'தென் ஐ' வரும், 'பிறகு நான்' என்பது போல. இதில் சில இடங்களில் 'ஐ தென்' இருந்தது. அது காவலர் அறிக்கை எழுதும் நடை. ஓர் இணைப்புச் சொல் பிரதிப்பெயருக்கு முன்னால் நிற்கிறதா, வினைக்கு முன்னால் நிற்கிறதா என்பதில் எழுதிய கை தெரிந்துவிட்டது. 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்கு முதன்மைக் காரணம் மொழியாராய்ச்சி அல்ல, விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குத் தந்த வழிகாட்டலில் இருந்த அநீதி.

அந்த வழக்கில் இன்னொரு வாக்கியமும் உண்டு. கூரையில் பென்ட்லி 'லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்' என்று கூவியதாகக் காவலர்கள் சாட்சி சொன்னார்கள். அவன் கடைசி வரை மறுத்தான். சொல்லியிருந்தாலும் 'இட்' என்பது எது? துப்பாக்கியை அவரிடம் கொடுத்துவிடு என்றும் கொள்ளலாம், அவரைச் சுடு என்றும் கொள்ளலாம். இதைத் தமிழில் எழுத நான் பலமுறை முயன்றிருக்கிறேன். 'அதை அவனிடம் கொடு' என்றால் பென்ட்லி நிரபராதி. 'அவனைப் போட்டுத் தள்ளு' என்றால் கொலைகாரன். கடைசியில் கிடைத்தது நம் தெருச் சண்டைத் தமிழ்தான். 'நாலு கொடு' என்று அடிக்கச் சொல்வோமே, அந்தக் 'கொடு'. 'அவனுக்குக் கொடுடா, கிறிஸ்.' 'அதை' என்ற சொல்லை எடுத்துவிட்டால் இரண்டு பொருளும் அப்படியே இருக்கின்றன.