வேகத்திற்கு யார் விலை கொடுப்பது?

நாம் எழுதும் நிரலைக் கணிப்பொறி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. ஒவ்வொரு கட்டளையாகப் படித்துப் பொருள் கண்டு செய்வது ஒரு முறை. நிரலையே பொறிமொழிக்கு மாற்றிவிடுவது மற்றொரு முறை. மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். இரண்டாவது முறையில் வேகம் அதிகம்.

ஆனால் எல்லா மொழிகளும் கம்பைலருக்கு எளிதில் வசப்படுவதில்லை. அமெரிக்காவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1970களில் ஆலன் கே, டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியைப் பாருங்கள். அதில் எல்லாமே 'பொருள்'. 3 + 4 என்று எழுதினால்கூட, '4ஐக் கூட்டு' என்ற செய்தி 3 என்னும் பொருளுக்குச் செல்கிறது. செய்தியைப் பெறுவது எந்த வகைப் பொருள் என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். எழுதுவோருக்கு இது பெரிய சுதந்திரம், கம்பைலருக்கோ தலைவலி! ஒவ்வொரு செய்திக்கும் உரிய செய்முறையைத் தேட வேண்டியிருப்பதால் ஓட்டம் மந்தமாகிறது.

அப்படியானால் வேகமான கிளைமொழி ஒன்றை அமைத்தால் என்ன? எண்களைப் பொருள்களாகக் கருத வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் அதன் வகையை முன்பே எழுதிவிட வேண்டும் என்று விதிக்கலாமே? பலருக்கும் முதலில் இப்படித்தான் தோன்றும். இதில் அவசரம் கூடாது என்பது என் கருத்து. பொறியின் சுமையை மனிதர் தலையில் ஏற்றுமுன், கம்பைலரைக் கெட்டிக்காரனாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

முடியும் என்பதற்குச் சான்று உண்டு. நிரலில் ஓரிடத்திலிருந்து கிளம்பும் செய்தி, பெரும்பாலும் சென்ற முறை போன அதே வகைப் பொருளுக்கே மீண்டும் போகிறது. பழகிய தபால்காரர் ஒவ்வொரு கடிதத்திற்கும் தெருவெல்லாம் விசாரிப்பதில்லை. சென்ற முறை கொடுத்த வீட்டிற்கே போகிறார். ஆள் மாறியிருந்தால் மட்டுமே விசாரிக்கிறார். பீட்டர் டாய்ச், ஆலன் ஷிஃப்மன் இருவரும் 1984இல் வெளியிட்ட ஸ்மால்டாக் அமைப்பு இந்த உத்தியைத்தான் கையாண்டது. நிரலை ஓடும்போதே பொறிமொழிக்கும் மாற்றியது.

அடுத்து வந்த செல்ஃப் மொழி ஸ்மால்டாக்கைவிடவும் கட்டற்றது. எனினும் 1990களின் தொடக்கத்தில் அதன் கம்பைலர், சில சோதனை நிரல்களில், செம்மையாகக் கம்பைல் செய்த சி நிரலின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எட்டியது. பின்னர் 1990களில் ஸ்ட்ராங்டாக் என்னும் ஸ்மால்டாக் கிளைமொழி தோன்றியது. அதில் வகைகளை எழுதலாம், எழுதாமலும் விடலாம். அவை பிழை காண உதவுமேயன்றி, வேகம் அவற்றை நம்பியிருக்கவில்லை! 1999இல் வெளிவந்த ஜாவாவின் ஹாட்ஸ்பாட் அமைப்பு இந்த வழியில் பிறந்ததே.

மறுபக்கமும் உண்டு. ஓடும்போதே கவனித்துக் கற்பதற்கு நேரமும் நினைவகமும் வேண்டும். மிகச் சிறிய கருவிகளிலும், குறித்த கணத்திற்குள் பதில் தந்தாக வேண்டிய இயந்திரங்களிலும் இவை கிடைப்பதில்லை. அங்கே முன்கூட்டியே கம்பைல் செய்யும் கண்டிப்பான கிளைமொழி நியாயமானதே.

நாளை உங்களில் ஒருவர் புதிய மொழியை வடிவமைக்கக்கூடும். ஒவ்வொரு விதியைச் சேர்க்கும்போதும் கேளுங்கள்: இது மனிதரின் தெளிவுக்கா, பொறியின் வசதிக்கா? தெளிவுக்கு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வசதிக்கு மட்டும் என்றால், கம்பைலருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள்.