களப்பைக் காப்பது எங்ஙனம்?

நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தைப் பிறிதோரிடத்தில் இடுவதை எவரும் வைத்தியம் எனக் கொள்வதில்லை. ஆயினும், கிழக்கிலங்கையின் களப்புகளுக்கு அரசு இதுகாறும் செய்துவரும் வைத்தியம் அத்தகையதே. நோய் மேட்டுநிலத்திற் பிறக்கின்றது. மருந்தோ முகத்துவாரத்தில் இடப்படுகின்றது. இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தம்பிலுவிலின் கிடக்கையை நோக்குக. கிழக்கே கடல், மேற்கே பெரிய களப்பு, அதற்கப்பால் வயல்வட்டைகள். வடக்கே கல்முனைப் புறத்திலும் இதே அமைப்பைக் காணலாம். மட்டக்களப்புக் களப்பின் தென்பகுதி அங்கே வயல்களோடு கைகோத்துக் கிடக்கின்றது. வயலிலிருந்து வடியும் நீர் பசளையின் மிச்சத்தையும் களைநாசினியின் மிச்சத்தையும் சுமந்து களப்பிற் சேர்கின்றது. நகரங்களின் கழிவுநீரும் குப்பையும் அதனோடு கலக்கின்றன. நைதரசனும் பொசுபரசும் மிகுமிடத்து அல்கா பெருகும். பெருகிய அல்கா மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குன்றும். மீனும் இறாலும் மூச்சின்றி மடியும். மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மாதங்களில் இவ்வழுக்கு வெளியேற வழியுமில்லை. இவ்விழப்பு முதலில் விழுவது, வலையும் தோணியுமன்றி வேறு முதலில்லாத குடும்பங்களின் தலையில்.

இனி, சட்டம் யாது கூறுகின்றது எனப் பார்ப்போம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வகுத்தது. கடலோடு தொடர்புடைய ஆறு, களப்பு முதலியவற்றிற்கு, வாயிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் என வரம்பிட்டது. 2011ஆம் ஆண்டின் திருத்தம் நீர்விளிம்பையொட்டிய 100 மீற்றரையும் சேர்த்துக்கொண்டது. பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கிய கல்லோயாவோ பதுளைப் புறத்து மலைகளிற் பிறந்து 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருவது. 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் கல்முனைப் புறம் வரை நீரைப் பரப்புகின்றன. நீர் இத்தனை தூரம் நடந்து வர, அதனைக் காக்கும் சட்டம் கடைசி இரண்டு கிலோமீற்றரில் நின்று காத்திருக்கின்றது!

அதிகாரமும் இவ்வாறே சிதறிக் கிடக்கின்றது. கரை ஒரு திணைக்களத்திற்கு, வாய்க்கால் மற்றொன்றிற்கு, மீன் வேறொன்றிற்கு, குப்பை உள்ளூராட்சி சபைக்கு, மாசு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு. எனவே, ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் செய்யக்கூடியதைச் செய்கின்றனர். மண் அள்ளுகின்றனர், கண்டல் நாட்டுகின்றனர், கரையில் நடைபாதை அமைக்கின்றனர். இவை தீயன அல்ல, போதாதவை. சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தருகே 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. பறவைகள் அங்கு மீண்டன; மகிழ்ச்சியே. ஆனால், அதன் பின்னரும் அடையாறு நகரின் சாக்கடை நீரைச் சுமந்தே கடலுக்குச் சென்றது. பூங்கா ஆற்றின் ஓரத்தைத் திருத்தியது, ஆற்றைத் திருத்தவில்லை.

“மேட்டுநிலத்தில் கைவைத்தால் விவசாயி என்னாவான்?” என வினவுவாருளர். நியாயமான வினாவே. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தடுத்தது. மாற்றுப் பசளை ஆயத்தமில்லை. விவசாயியிடம் கலந்து பேசவுமில்லை. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை கைவிடப்பட்டது. மேட்டுநிலத்தை நோக்கிய ஆட்சியாளர் அங்கும் மனிதரைக் காணவில்லை என்பதே இதன் பாடம். வயலை நோக்காதிருப்பது ஒரு பிழை. வயலை ஆணையால் அடிப்பது அதனினும் பெரும்பிழை.

வேறு வழி உண்டா? உண்டு, அது நம் மாவட்டத்திலேயே செய்துகாட்டப்பட்டதுமாகும். 1980களின் தொடக்கத்தில், கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் விவசாயிகளிடையே அமைப்பாளர்களை அனுப்பின. வாய்க்காலின் தலைப்பிற் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைப்புறத்தில் தமிழ் விவசாயிகள். தண்ணீருக்காகப் பகைத்திருந்தோர் வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கீழுள்ளோருக்கு விட்டனர். இனப்பகை மூண்டெழுந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. நீரின் அளவைப் பகிர அறிந்த மக்கள் நீரின் தூய்மையைப் பேண அறியாரோ?

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. ஒன்று, நீரேந்து பரப்பு முழுவதையும் ஓரலகாகக் கொண்டு, விவசாயியும் மீனவரும் வாக்குரிமையோடு அமரும் ஒரு சபை. இரண்டு, வடிச்சல் வாய்க்கால் களப்பிற் சேருமுன் நாணலும் புல்லும் வளர்ந்த சதுப்புப் பட்டியொன்று. நகரக் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு. மூன்று, முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதை, வெள்ளம் வந்தபின் வாதிடாது, இருசாராரும் முன்கூட்டியே கூடித் தீர்மானித்தல். நான்கு, நீரின் தரத்தை மாதந்தோறும் அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஊர்தோறும் அறிவித்தல்.

இந்நான்காவது பணிக்கு அரசை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன, ஆய்வுகூடங்கள் உள்ளன, இளைஞர் உள்ளனர். ஆய்வேட்டில் உறங்கும் அளவீடு களப்பிற்குப் பயன்படாது. அதனை மீனவன் விளங்கும் தமிழில் அவன் துறைக்குக் கொண்டு செல்லுதல் தமிழ்ச் சங்கத்தின் பணிகளுள் ஒன்றாகாதோ? அளவு கையிலிருந்தால், அடுத்த நடைபாதைக்கு அடிக்கல் நாட்ட வருவோரிடம், “நீர் எவ்வளவு தூய்மையாயிற்று?” என்று அம்மீனவனே வினவுவான்.