நாய்க்கு ஆத்மா என்று பெயர்

ஜெர்மனி தேசத்துத் தத்துவ சாஸ்திரி ஷோப்பன்ஹவர் 1833 முதல் 1860-ல் சாகும் வரை பிராங்பர்ட் நகரில் வசித்தவர். கலியாணமில்லாத அவருக்குத் துணை ஒரு பூடில் நாய். அதற்கு அவர் வைத்த பெயர் "ஆத்மா" என்பதாகும். அது செத்தால் அடுத்த நாய்க்கும் அதே பெயர்தான்!

இப்பெயர் அங்கு போனதெப்படி? தாரா ஷுக்கோ என்கின்ற முகம்மதிய இளவரசர் 1657-ல் உபநிஷத்துகளைப் பாரசீக பாஷையில் கொண்டுவந்தார். அது லத்தீனாகி 1801-02ல் ஐரோப்பாவில் அச்சாயிற்று. அதைப் படித்தவர் ஷோப்பன்ஹவர். எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றே என்று நம்பினார். நாயையும் அப்படியே கூப்பிட்டார்.

நாம் ஆத்மாவை நம்புகின்றவர்களல்ல. ஆனாலும் கேட்கின்றோம்: அதே உபநிஷத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த நமது வைதீகர்களின் யோக்கியதை என்ன? 1924-ல் வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நாய் போகலாம், ஈழவரும் புலையரும் போகக்கூடாது என்றார்களே! அந்நியனுக்கு நாயினிடம் தெரிந்த ஆத்மா, இவர்களுக்கு அடுத்த தெரு மனிதனிடம் தெரியாமற் போனதேன்? தெரிந்தால் மேல் ஜாதி என்கின்ற பிழைப்பு போய்விடும் என்பதல்லாமல் வேறென்ன?

ஆகவே, "எல்லோருக்கும் ஒரே ஆத்மா" என்று எவராவது உபதேசிக்க வந்தால், "எங்கள் சேரியில் உட்கார்ந்து சாப்பிடுவீரா?" என்று மாத்திரம் கேளுங்கள். அவருடைய வேதாந்தம் அப்போது வெளியாகிவிடும்.