மூட்டைக்குள் ஒரு சீட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன ஆடியில் காலமான எங்கள் அத்தான், வீட்டிலிருந்த பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டு வைத்திருந்தார். அக்கா மகன் அதைக் கொண்டுவந்தான். திறந்தால் பதினோரு ஜிப் கோப்புகள். 'போட்டோ', 'போட்டோ 2', 'நியூ ஃபோல்டர்' என்று பெயர்கள். ஒரு கல்யாணப் படத்தில் பந்தலடியில் ஏழு பேர் நிற்கிறார்கள். நாலு பேர் யாரென்று எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் அந்தக் காலக் குறுந்தகடுகள் ஞாபகம் வந்தன. கணினி இதழ்களோடு இலவசமாக வருமே, அவைதான். அவற்றிலிருந்த பல ஜிப் கோப்புகளுக்குள் 'ஃபைல்_ஐடி.டிஸ்' என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். வைரஸ் என்று நினைத்து நானே சிலவற்றை அழித்திருக்கிறேன்!

அது அமெரிக்காவில் பிறந்த வழக்கம். இணையம் பரவுமுன் அங்கே மோடம் வழியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னொருவர் கணினியில் இருக்கும் கோப்புகளை இறக்கிக்கொள்வார்கள். 1989-இல் ஃபில் காட்ஸ் ஜிப் முறையைக் கொண்டுவந்த பிறகு கோப்புகள் மூட்டை மூட்டையாகப் பயணம் செய்தன. மூட்டையில் என்ன இருக்கிறது என்ற குறிப்பை, ஏற்றுபவர் ஒவ்வோர் இடத்திலும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். கை மாற மாறக் குறிப்பும் மாறிப்போகும். அதனால் குறிப்பை மூட்டைக்குள்ளேயே வைத்தார்கள். வரிக்கு 45 எழுத்து, மொத்தம் 10 வரி, அவ்வளவுதான். அதை மட்டும் உருவிப் படித்துக் காட்ட ஒரு சின்ன நிரல் போதும். முழு மூட்டையையும் பிரிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஜிப் கோப்பின் கடைசியில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் இருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் பொருளடக்கம் அச்சிட்ட மாதிரி.

"கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாமே, சார்?" என்பீர்கள். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றுவார்கள். வாட்ஸ்அப்பில் கூடவே எழுதி அனுப்பிய விளக்கம் போன் மாறினால் போச்சு. முகத்தை இப்போது கணினியே கண்டுபிடிக்கும் என்றான் அக்கா மகன். ஒரே முகம் பத்துப் படத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். அது சின்னப் பாட்டியா, பக்கத்து வீட்டு அம்மாவா என்று யாராவது ஒருவர் அதற்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆகவே, எதையாவது ஜிப் செய்யும் முன் உள்ளே ஒரு எளிய உரைக் கோப்பு வையுங்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம், யார் எடுத்தது என்று நாலு வரி போதும். யூனிகோடில் எழுதுங்கள். 2002-இல் நான் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் இன்று கோணல் எழுத்துகளாகத்தான் திறக்கின்றன. எந்த எழுத்துரு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் மாற்றி எடுத்திருக்கலாம். வகுப்பில் விடைத்தாளில் பெயர் எழுதாதவனை எழுப்பி நிற்க வைத்த வாத்தியார் செய்த வேலை இது!

படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன். இடமிருந்து மூன்றாவதாக, கண்ணாடி போட்டுக் கையில் குழந்தையோடு நிற்பவர் யார் என்று மூத்தவர்கள் யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள். அக்கா தினமும் கேட்கிறாள்.