அடங்கல் படிக்கத் தெரிந்த பட்டதாரி

பொதுக் கொள்கை படித்துவிட்டு வேலை தேடும் இளைஞரின் விண்ணப்பத்தில் பொருளியல், புள்ளியியல், ஆட்சியியல் எல்லாம் இருக்கும். ஆர்வமுள்ள துறைகள் என்ற இடத்தில் வேளாண்மை, நீர், பருவநிலை என்று எழுதியிருப்பார். அந்த ஆர்வம் உண்மையானதுதான். அது அறிவாக முதிர, அவர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் சில மாதங்களாவது இருந்தாக வேண்டும். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இளம் பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகள் அரசுடன் பணியாற்ற வைக்கிறது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் அதில் பாடம் நடத்துகிறது. தமிழறிவைத் தகுதியாகக் கேட்டது மிகச் சரியான முடிவு. அந்த இரண்டு ஆண்டுகளில் முதல் ஆறு மாதங்களைக் கீரப்பாளையம் போன்ற ஒன்றியத்துக்கு ஒதுக்கினால் திட்டம் இன்னும் வலுப்படும்.

கீரப்பாளையத்தைச் சொல்லக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வந்த கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களில் இதுவும் ஒன்று. தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை, புதிய ஹைட்ரோகார்பன் கிணறு போன்றவை இங்கே வரக் கூடாது என்கிறது சட்டம். வேண்டிய சட்டம்தான். ஆனால் எது வரக் கூடாது என்று சொல்லும் சட்டம், சம்பா நடுபவருக்கு எது வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாது. அதை, எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடான அடங்கலில்தான் பார்க்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் நெல் கொள்முதலுக்கும் அடங்கல் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் பெயர் அதில் ஏறுவது எளிதல்ல. குத்தகையைப் பதிவு செய்ய 1969 முதலே சட்டம் இருந்தும், பதிந்தால் நிலத்தைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார். ஐப்பசி மழையில் பயிர் மூழ்கினால் நட்டம் ஒருவருக்கு, பதிவில் இருக்கும் பெயர் இன்னொருவருடையது. சென்னைக்கு வரும் அட்டவணையில் இந்த இடைவெளி தெரியாது. கிராம நிர்வாக அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

ஒரே ஒன்றியத்தைப் பார்த்துவிட்டு மாநிலத்துக்கு எப்படி முடிவு சொல்வது என்று கேட்கலாம். முடிவு சொல்ல வேண்டியதில்லை; நாளை கையாளப்போகும் புள்ளிவிவரம் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் போதும். படித்தவரைப் படிவம் நிரப்ப உட்கார்த்திவிடுவார்கள் என்ற அச்சம் இன்னும் நியாயமானது. அதற்குத்தான் தெளிவான ஒரு கேள்வியும் வழிகாட்டும் ஆசிரியரும் தேவை. இதற்கு முன்மாதிரி உண்டு: வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களுக்குச் செல்வது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வேளாண் புலம் கொண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே சிதம்பரத்தில் இருக்கும்போது வழிகாட்டிக்குப் பஞ்சமில்லை. ஆறு மாத முடிவில் எழுதும் அறிக்கையைத் துறைச் செயலருக்கு அனுப்பும் முன், அந்த ஊர்க் கிராம சபையில் தமிழில் வாசித்து, எழும் கேள்விகளுக்கு அந்த இளைஞரே பதில் சொல்ல வேண்டும்.