கூற்று யாருடையது?

ஒரு நூலைப் படியாமலே அதன்மேல் தீர்ப்புக் கூறுதல் பண்டிதர் உலகிற்குப் புதிய வழக்கமன்று. நானும் அக்குற்றத்திற்கு உட்பட்டவனே. பல ஆண்டுகளுக்கு முன், யாப்பிலக்கணப் பாடவேளையில், மேசைக்கு அடியில் வைத்து ஆங்கில நாவலொன்றைப் படித்துக்கொண்டிருந்த மாணவனைப் பிடித்தேன். "கொலைக்கதை படிப்பவன் செய்யுளில் தளை தட்டாமல் என்ன செய்யும்?" என்று வகுப்பறியக் கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். அந்த நூல் என் அலுமாரியிலே தங்கிவிட்டது. அகதா கிறிஸ்ரி 1926இல் வெளியிட்ட 'றொஜர் அக்றொயிட் கொலை' என்பது அதன் பெயர்.

கடந்த மார்கழி விடுமுறையில், கண்டி நகரம் மழையில் மூழ்கிக் கிடந்த ஒரு கிழமையில், பழைய நன்னூல் உரையொன்றைத் தேடப் போய் அந்நாவல் கையில் அகப்பட்டது. அகராதியின் துணையோடு நான்கு நாளில் படித்து முடித்தேன். முடித்த கையோடு முதல் அத்தியாயத்திற்குத் திரும்பினேன். (அந்நூலை இன்னும் படியாத அன்பர்கள் இவ்விடத்திலே நிறுத்தி, படித்தபின் மீண்டு வருக. இனி நான் எதையும் மறைக்கப் போவதில்லை.)

கதையைச் சொல்பவர் செப்பர்ட் என்னும் கிராம வைத்தியர். துப்பறியும் புவாரோவுக்கு அருகிருந்து உதவுபவரும் அவரே. கொலைஞரும் அவரே.

இம்முடிவைக் கண்ட வாசகர் இரு கட்சியாயினர். ஏமாற்றிவிட்டார் அம்மையார் என்றனர் ஒரு சாரார். அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 1928இல் விதிகள் வகுத்தபோது, குற்றவாளி துப்பறிவோனை ஏய்க்கச் செய்யும் சூழ்ச்சிகளன்றி வேறு வஞ்சனை வாசகனுக்கு இழைக்கப்படலாகாது என்றார். நாக்ஸ் பாதிரியார் 1929இல் வகுத்த பத்து விதிகளுள் முதலாவது, வாசகன் எவனுடைய எண்ணங்களைப் பின்தொடர விடப்பட்டானோ அவன் குற்றவாளியாதல் கூடாது என்பது. இலக்கியம் தோன்றியபின் இலக்கணம் ஓடிவந்த அழகை இங்கும் காண்கிறோம். டொறதி சேயர்ஸ் அம்மையாரோ, எல்லாரையும் ஐயுறுதல் வாசகன் கடமையென்று மறு கட்சிக்கு வாதாடினார். 2013இல் பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் வாக்களித்து, இதனையே தம் துறையின் தலைசிறந்த நாவலெனத் தேர்ந்தனர்.

எட்மண்ட் வில்சன் என்னும் திறனாய்வாளர் 1944இல் துப்பறியும் கதைகளைச் சாடினார். வாசகர்கள் கடிதங்களால் அவரைத் தாக்கினர். அவர் 1945 சனவரியில், அக்றொயிட்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்னும் பொருள்படத் தலைப்பிட்டு மீண்டும் எழுதினார். அவ்வமயம், இக்கதையின் கருவை 1924இலேயே அம்மையாருக்குக் கடிதமூலம் எழுதியனுப்பிய மவுண்ட்பேட்டன் பிரபுவின் படைத் தலைமையகம் நம் பேராதனைப் பூந்தோட்டத்தில் இருந்தது! மைத்துனர் ஜேம்ஸ் வாட்ஸ் என்பவரும் இக்கருவைத் தமக்குக் கூறியதாக அம்மையார் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கரு யாருடையதாயினும் ஆக்கம் அவருடையதே.

என் கருத்து யாதெனில், இவ்வழக்கிற்குத் தமிழன் அயலானல்லன். செய்யுள் உறுப்புக்கள் முப்பத்து நான்கென எண்ணிய தொல்காப்பியர், அவற்றுள் கூற்றையும் கேட்போரையும் வைத்தார். எவ்விடத்தில் எம்மொழியை யார் யாருக்கு உரைத்தல் பொருந்தும் என்று உய்த்துணர நிற்பதை 'முன்னம்' என்றார். சொல்லாது விட்டதைக் கேட்போன் நிரப்பிக்கொள்ள நிற்பதை 'எச்சம்' என்றார். அகப்பாட்டு எதனைத் தொட்டாலும், இது தலைவி கூற்றோ தோழி கூற்றோ என்று கேட்டே நாம் பொருள் காண்கிறோம். அதே கேள்வியை நாவலில் கேட்க மறந்தது யார் குற்றம்? கடிதம் வந்த நேரம் சொல்லப்படுகின்றது. வைத்தியர் அறையை நீங்கிய நேரமும் சொல்லப்படுகின்றது. இடையே பத்து நிமிடம். அது முழுக்க எச்சம். பொய்யென்று சொல்ல அங்கே ஒரு சொல்லும் இல்லை. இறுதியில் வைத்தியரே அவ்விடத்தைச் சுட்டித் தம் எழுத்தை மெச்சிக்கொள்கின்றார்.

எனினும் வில்சன் முற்றும் பிழைத்தாரென்று சொல்லேன். வைத்தியரும் அவர் தமக்கை கறொலினும் நீங்கலாக, ஏனையோர் பலர் சதுரங்கக் காய்களே.

இதனை உயர்தர வகுப்பில் எடுத்துரைத்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "பொய் சொல்லவில்லை என்பது வேறு, உண்மை சொன்னார் என்பது வேறல்லவா, ஐயா?" என்றாள். விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது, அடித்ததும் நன்றாயிற்று. என்னிடம் விடை இல்லை.

அவள் கேள்வி என்னை வீடுவரை தொடர்ந்தது. அந்நூல் என் அலுமாரியிலே 'தங்கிவிட்டது' என்று மேலே எழுதினேன். அதில் பொய்யில்லை. ஆனால் அது அம்மாணவன் நூல்நிலையமொன்றில் இரவல் பெற்ற நூல். அவன் இருமுறை வந்து கேட்டான். இருமுறையும் யாப்பருங்கலக்காரிகையை ஒப்புவித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை அவன் வரவில்லை. தண்டப்பணம் கட்டினான் என்று பின்னர் அறிந்தும் வாளாவிருந்தேன்.

இப்பொழுது அவன் மாத்தளையில் தொழில் பார்க்கிறான். சென்ற கிழமை நூல்நிலையத்திற்குச் சென்று, நூலை ஒப்படைத்தேன். பழைய பதிவுகள் இல்லையென்று கூறி, ஏற்பதா மறுப்பதா எனத் தடுமாறியே அங்கிருந்த அம்மையார் வாங்கிக்கொண்டார். மாத்தளைக்கு எழுத வேண்டிய கடிதத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன்.